கொழுகொழு குழந்தையும் நாளைய உடல்நலமும்

"குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறதே! என்ன கொடுக்கிறீர்கள்?"

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்திற்கு நிற்கும் வரிசையில் இந்தக் கேள்வி காதில் விழாத வாரமே இல்லை. கேட்பவருக்கும் மகிழ்ச்சி, கேட்கப்படும் தாய்க்கும் பெருமை. பக்கத்தில் இளைத்த குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் இன்னொரு தாய் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறாள். அன்று இரவே அவள் வீட்டுப் பால் புட்டியில் ஒரு கரண்டி சீனி கூடுதலாக விழுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி, குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவன் என்ற முறையில், அந்த ஒரு கரண்டியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் சில கணக்குகள். நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2023இல் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. அதாவது நம் மண்டபத்தில் அன்னதானப் பந்தியில் அமரும் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். இது நமக்குத் தெரிந்த செய்திதான். தெரியாத செய்தி வேறு. அதே ஆண்டு ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினரோ வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிப் போனவர்கள். பருமனும் குன்றலும் ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே வீட்டில்! ஒன்று பணக்காரன் நோய், மற்றது ஏழை நோய் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்கிறது இன்றைய மருத்துவம்.

நம் தோட்டப்புற வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவாள். தாய்ப்பால் இல்லாத அந்த நேரங்களில் குழந்தையின் வாயில் எது போகும்? இனிப்புக் கெட்டிப்பாலை வெந்நீரில் கரைத்த புட்டிதான். டின் விலை மலிவு, இனிப்பாக இருப்பதால் குழந்தையும் அழாமல் குடிக்கும், கன்னமும் உப்பும். அந்தப் பாலின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவானது சீனி என்பதை ஆயாவும் அறியாள், தாயும் அறியாள்.

ஆனால் அறிந்த ஒருவர் இருந்தார். சிசிலி வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர். ஜமைக்காவில் 1893இல் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றியபோது, புரதக் குறைவால் வயிறும் காலும் வீங்கும் 'குவாஷியோர்கர்' என்ற நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவரே. 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூரில் பணியாற்றினார். பிரசவமான வீடுகளுக்குத் தாதியரைப் போல் உடுத்திய பெண்கள் சென்று, தாய்ப்பாலைவிட டின் பாலே மேல் என்று விற்பனை செய்வதைக் கண்டு கொதித்துப் போனார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. தலைப்பே போதும், உள்ளே என்ன பேசியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். சப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் வாடி, உயிர் பிழைத்து, பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் தலைவரானார். பாலத்துக்கு அந்தப் பக்கம் எழுந்த இந்தக் குரல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு எட்டவே இல்லை.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் அறுபதுகளின் நடுவில் பிறந்த என் தங்கை, ஆயாக்கொட்டகையில் டின் பால் குடித்து வளர்ந்தவள். பிறந்தபோது ஒட்டி உலர்ந்து இருந்தாளாம். புட்டிப் பால் வந்த பிறகு லயத்திலேயே அவள்தான் குண்டுக் குழந்தை. அம்மா சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்வார். முப்பத்தெட்டு வயதில் தங்கைக்கு நீரிழிவு வந்தது. ஐம்பத்தைந்தில் ஒரு காலின் இரு விரல்களை எடுத்தார்கள். டின் பாலால்தான் இப்படி ஆயிற்று என்று நான் கூறமாட்டேன். தனி ஒருவருடைய நோய்க்கு ஒற்றைக் காரணம் காட்ட எந்த மருத்துவராலும் இயலாது. ஆனால் "இளைத்துப் பிறந்து, விரைந்து பருத்த குழந்தை" என்ற அந்த வரிசையை, பிற்காலத்தில் மருத்துவக் கட்டுரைகளில் படித்தபோது எனக்குத் திக்கென்றது.

அந்த ஆராய்ச்சிகளுள் இரண்டைச் சொன்னால் போதும். இந்தியாவில் பூனா நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர், 1993 முதல் அவ்வட்டாரக் கிராமத்துக் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைவுதான். ஆனால் எது குறைந்திருந்தது என்று பார்த்தால் தசையும் உள்ளுறுப்புகளுமே பெரிதும் குறைந்திருந்தன. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த குழந்தைக்குள்ளே ஒரு பருத்த குழந்தை! கருவிலே உணவு குறைந்தால் இயற்கை மூளையைக் காப்பாற்றுகிறது, கொழுப்பைச் சேமிக்கிறது, தசைக்கும் கணையத்துக்கும் சிறுநீரகத்துக்கும் செலவைச் சுருக்கிவிடுகிறது. பஞ்சத்தை எதிர்பார்த்துக் கட்டிய உடம்பு அது. அந்த உடம்பில் பின்னர் சீனியைக் கொட்டினால், சுருங்கிய கணையம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? சிங்கப்பூரில் 2009இல் கர்ப்பிணிகளைக் கொண்டு தொடங்கிய 'கஸ்டோ' ஆய்விலும், சீனக் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள்களிலேயே வயிற்றுப் பகுதியில் தோலுக்கடியில் கொழுப்பு கூடுதலாக இருந்ததைப் படம் பிடித்துக் காட்டினர்.

இரண்டாவது, தெற்கு டில்லி ஆய்வு. 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளை வளர வளர அளந்து, 26 முதல் 32 வயதான 1,492 பேரைச் சோதித்து, 2004இல் வெளியிட்டனர். பெற்றோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். குழந்தை ஏறத்தாழ ஒரு வயது வரை சதை போடும். பிறகு நடந்து ஓடத் தொடங்கியதும் உயரம் கூடி, உடல் மெலிந்து தெரியும். ஐந்து, ஆறு வயது வரை இந்த மெலிவு இயல்பே. அதன் பின்னர்தான் மீண்டும் சதை பிடிக்கும். டில்லியில் பிற்காலத்தில் நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ கண்டவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, மீண்டும் சதை பிடிக்கும் அந்தக் கட்டம் உரிய காலத்துக்கு முன்பே வந்து, அதன் பின் சீராக எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவரைக்கூடப் பருமன் என்று சொல்ல முடியாது. பார்வைக்கு "இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது" என்று மகிழக்கூடிய பிள்ளைகள்! மூன்று வயதுக் குழந்தையின் விலா எலும்பைப் பார்த்து நாம் பதறுகிறோமே, அந்தப் பதற்றமே பல வீடுகளில் கேட்டைத் தொடங்கி வைக்கிறது.

சீனியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சீனிக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அதை நீக்கியதும் மக்கள் உண்ணும் சீனி ஏறக்குறைய இரட்டிப்பாகியது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் இருந்தவர்களை, அதன் பின் கருவானவர்களோடு ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முன்னவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இரத்தக் கொதிப்பு 20 விழுக்காடும் குறைவு. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த முதல் ஆயிரம் நாள்களின் கணக்கை உடம்பு மறக்கவில்லை.

இப்போது நம் ஜொகூர் பாருவுக்கு வருவோம். தோட்டம் போய்விட்டது, ஆயாக்கொட்டகையும் போய்விட்டது. ஆனால் விடியற்காலை நான்கரைக்கு மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகும் தாய் தந்தையர் எத்தனை பேர்? பெரட்டுக்குப் பதில் குடிநுழைவு வரிசை, அவ்வளவுதான் வேறுபாடு. குழந்தை பாட்டியிடமோ பராமரிப்பாளரிடமோ வளர்கிறது. பெற்றோர் இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது, பகலெல்லாம் உடன் இல்லாத குறையை ஒரு பொட்டலம் இனிப்பால் ஈடு செய்கிறார்கள். பாட்டியோ, பேரன் இளைத்தால் மருமகள் என்ன சொல்வாளோ என்ற பயத்தில் கைத்தொலைபேசியில் படம் காட்டியபடி ஊட்டிக்கொண்டே இருக்கிறார். இருவரிடமும் குறை காண எனக்கு மனமில்லை. என் பேத்திக்கு நானும் அப்படித்தான் ஊட்டினேன். வயிறு நிறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அறிவு எந்தக் குழந்தைக்கும் உண்டு. திரையைப் பார்த்து வாய் திறக்கும் குழந்தைக்கு அந்த அறிவு மழுங்கிப் போகிறது.

என்ன கொடுக்கலாம் என்று கேட்பீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வேலைக்குப் போகும் தாயும் பாலைக் கறந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். நம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் தாதியர் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். ஆறு மாதத்துக்குப் பின் குழைந்த சோற்றோடு பருப்பு, முட்டை, கீரை, பூசணி. அசைவ வீடுகளில் நெத்திலிப் பொடி. இரும்புச் சத்தும் புரதமும் இருந்தால் குழந்தை உயரமாக வளரும். வெறும் கஞ்சியும் சீனியும் பக்கவாட்டில்தான் வளர்க்கும். இரண்டு வயது வரை சீனி சேர்க்கவே வேண்டாம். இனிப்புக் கெட்டிப்பாலும், அதே டின்னில் செம்பனை எண்ணெய் கலந்து வரும் இனிப்புக் கிரீமரும் தே தாரிக்குக்கு உரியவை, குழந்தைக்கு உரியவை அல்ல. கிளினிக்கில் தரும் பதிவுப் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. எடையை மட்டும் பார்க்காமல், உயரத்தோடு சேர்த்து அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு கணக்கு. நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு 2019 சூலை முதல் அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025 முதல் அது 90 சென். வரிக்குத் தப்ப நிறுவனங்கள் சீனியைக் குறைத்தன, நல்லதே. ஆயினும் வரிக்கு உட்படாத 250 மில்லிலிட்டர் பொட்டலத்திலும் 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்லும் அளவு, மூன்று வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம்தான். ஒரு பொட்டலத்தோடு அன்றைய கணக்கு முடிந்தது.

நம் ஆலயத்தின் ஞாயிறு சமய வகுப்புக்கும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் அன்பர்கள் பெட்டி பெட்டியாகப் பொட்டல பானங்களை உபயம் செய்கிறீர்கள். அந்த மனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேசியபோது, "வாத்தியார் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போடுகிறார்" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார்; முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அதுவரை, இவ்வாண்டு பிள்ளைகளுக்கென உபயம் செய்ய எண்ணியிருப்போர், பானப் பெட்டிகளுக்குப் பதிலாக வாழைப்பழச் சீப்போ, சுண்டலுக்கான கொண்டைக்கடலையோ, சீனி சேர்க்காத மோரோ தரலாம். கடலையை முதல் நாள் மாலையே அலுவலகத்தில் ஒப்படைத்தால் ஊறவைக்க வசதியாக இருக்கும்.