ஒரே நாடு, இரண்டு தீர்ப்பு

சந்தேகம்: 1983-இல் கருவிலிருக்கும் சிசுவின் உயிருரிமையை அரசியலமைப்பில் சேர்த்த அயர்லாந்து மக்கள், 2018-இல் அதையே நீக்கினார்கள். ஒழுக்க உணர்வு தலைகீழாகிவிட்டதா?

விளக்கம்: எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அன்று சேர்க்கச் சொன்னவர்கள் 66.9 சதவீதம், 2018 மே 25-இல் நீக்கச் சொன்னவர்கள் 66.4 சதவீதம். இடையில் ஒரு புதிய தலைமுறை வாக்குரிமை பெற்றது. பாதிரியார்களின் பாலியல் குற்றங்கள் அம்பலமானபின் கத்தோலிக்கத் திருச்சபையின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் சரிந்தது. ஆனால், உயிரைக் காக்கவேண்டும் என்ற உணர்வு எங்கும் போய்விடவில்லை. யாருடைய உயிர் கண்முன் நின்றது என்பதுதான் மாறியது.

2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் இறந்த சவிதா ஹலப்பனவரை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்நாடகத்தின் பெலகாவி குடும்பத்துப் பெண், பல் மருத்துவர். 17 வாரக் கர்ப்பம். கரு தங்காது என்று தெரிந்தபிறகும், அதன் இதயம் துடிக்கிறது என்று சொல்லிக் கருக்கலைப்பை மறுத்தார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி உயிரிழந்தார். அதற்குப்பின் 'உயிர்' என்றதும் பல வாக்காளர்களுக்குத் தாயின் முகமும் தெரிந்தது.

சந்தேகம்: மனம் முதலில் தீர்ப்பெழுதிவிடும், காரணத்தைப் பிறகுதான் தேடும் என்கிறார்களே?

விளக்கம்: அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் சொல்வது அதுதான். பரிவு, நியாயம், விசுவாசம், அதிகாரத்துக்கு மதிப்பு, புனிதம் என ஒழுக்க உணர்வுக்குப் பல வேர்கள் உண்டு என்பார். 2018-இல் இரு தரப்புமே பரிவைத்தான் தொட்டன. நீக்கக்கூடாது என்றவர்கள் 'இருவரையும் நேசிப்போம்' என்றார்கள். நீக்கச் சொன்னவர்கள் 'பரிவு, அக்கறை, மாற்றம்' என்றார்கள்.

சந்தேகம்: அப்படியானால் விவாதம் வீண்தானா?

விளக்கம்: இல்லை. அந்த வாக்கெடுப்புக்கு முன், குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 குடிமக்கள் ஓர் அவையாகக் கூடி, மாதக்கணக்கில் மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், இரு தரப்பு அமைப்புகள் என எல்லோரையும் கேட்டார்கள். பழைய ஷரத்து அப்படியே நீடிக்கக்கூடாது என்று பெரும்பான்மையோர் முடிவுசெய்தார்கள். பொதுவாக்கெடுப்புக்கு வழி திறந்தது அங்கேதான்.

சந்தேகம்: இனி அயர்லாந்தில் சீர்திருத்தம் என்றாலே வெற்றிதானா?

விளக்கம்: அப்படி நம்பித்தான் அரசு சூடுபட்டது. குடும்பத்துக்கான வரையறையை 'நீடித்த உறவு'களுக்கும் விரிக்கவும், பெண்ணின் இடம் வீடு என்ற தொனியில் அமைந்த ஷரத்தைப் பராமரிப்பு குறித்த ஒன்றாக மாற்றவும் 2024 மார்ச் 8-இல் மக்களைக் கேட்டார்கள். 'நீடித்த உறவு' என்றால் எது என்று தெளிவாகச் சொல்ல அமைச்சர்களாலேயே முடியவில்லை. முதல் திருத்தத்தை 67.7 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். பராமரிப்பு குறித்த இரண்டாவதை நிராகரித்தவர்கள் 73.9 சதவீதம்; அயர்லாந்துப் பொதுவாக்கெடுப்பு வரலாற்றிலேயே மிக அதிகமான 'வேண்டாம்' அது.