பிளாஷ் விளக்கைப் பேணும் முறை

காமிராவைப் பட்டுத்துணியிற் பொதிந்து கண்போற் காப்பவர் பலர். அதனுடன் வாங்கிய பிளாஷ் விளக்கையோ, அடுத்த விழா வருமளவும் பாட்டரியோடு பெட்டியின் மூலையிற் கிடத்தி மறந்துவிடுகின்றனர். யாமும் அவ்வாறு மறந்தவரே. சில்லாண்டுகட்கு முன், எமக்குத் தமிழ் பயிற்றிய முதிய ஆசிரியர் ஓய்வுபெற்ற மாலையில், மேடையினின்று இறங்கி மாணாக்கர் நடுவே வந்து நின்றார். பொழுது சாய்ந்திருந்தது. யாம் விசையை அழுத்தினோம், விளக்கு எரியவில்லை. பாட்டரி அறையைத் திறந்து நோக்க, உப்புப் பூத்தாற்போல வெண்பொடி படிந்திருந்தது. எமக்குக் கிடைத்தது இருள் மண்டிய படமொன்றே. அவ்வாசிரியர் இப்போது இல்லை.

அவ்வெண்பொடி யாது? அல்கலைன் பாட்டரியினுள் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னுங் காரம் உளது. பாட்டரி தளர்ந்த பின்னரும் விளக்கினுள்ளேயே கிடக்குமாயின், அதனகத்தே ஹைட்ரஜன் வாயு பிறந்து அடைப்பை நெகிழ்த்துகின்றது. கசிந்த காரம் காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு கூடி வெண்ணிறக் கார்பனேட்டாக உறைந்து, உலோகத் தகடுகளையும் அரிக்கின்றது. கசிவு சிறிதாயின், பாட்டரிகளை அகற்றி, பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரிலேனும் எலுமிச்சைச் சாற்றிலேனும் சிறிதே நனைத்துத் துடைத்து, ஈரமற உலர்த்தலாம். வெறுங்கையால் தொடுதல் ஆகாது. தொட்ட கையைக் கண்ணருகே கொண்டு செல்லுதல் அதனினுங் கேடு.

ஆதலின், சில நாட்களுக்கு வேலையில்லையெனின் பாட்டரிகளை வெளியே எடுத்துவிடுக. பழையதையும் புதியதையும் கலந்திடலாகாது. நான்கனுள் ஒன்று முந்தித் தளருமாயின், ஏனைய மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தை வலிந்து செலுத்த, அதன் துருவங்கள் மாறிக் கெட்டொழியும். எடுத்த பாட்டரிகளைச் சாவி, நாணயம் முதலியவற்றோடு ஒரே பையில் இடுவோரும் உளர். முனைகள் இணைந்து சூடேறின் அபாயம்.

மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரிகளே பிளாஷுக்கு ஏற்றவை என்பது எம் கருத்து. அவற்றின் அழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கோ 1.5 வோல்ட் என்று கண்டு மயங்கற்க. உட்தடை குறைவாதலால் அவை மின்சாரத்தை விரைந்து வழங்குகின்றன. அடுத்த மின்னலுக்குக் காத்திருக்கும் நேரம் சுருங்குகின்றது. முன்னாளில் இவை சும்மா இருக்கையிலேயே சில வாரங்களில் வடிந்துவிடும். 2005-ல் ஜப்பானில் சான்யோ கம்பெனியார் வெளியிட்ட எனிலூப் முதலிய வகைகள் அக்குறையைப் பெரிதும் நீக்கின. உலர்ந்த, குளிர்ந்த அலமாரி போதும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பின், வெளியே எடுக்குங்கால் நீர் பூக்கும்.

இனி விளக்கின் உள்ளுறுப்பைக் கூறுவோம். அமெரிக்க அறிஞர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1931-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வளர்த்தெடுத்த முறைப்படி, மின்தேக்கியொன்று ஏறத்தாழ 300 வோல்ட் வரை மின்னேறி, செனான் வாயு நிரம்பிய குழாயினுள் நொடிப்பொழுதில் அதனைக் கொட்டுகின்றது. அம்மின்தேக்கியின் அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டு. நெடுங்காலம் மின்சாரம் படாதிருப்பின் அது நலிகின்றது. மீண்டும் மெல்ல மின்னேற்றின் பெரும்பாலும் திருந்துகின்றது. எனவே மாதம் ஒருமுறை பாட்டரியிட்டு, ஆயத்தக் குறிவிளக்கு எரிந்தபின்னும் சில நிமிஷங்கள் வாளா விட்டு, முதலிற் குறைந்த வலிமையிலும் பின்னர் முழு வலிமையிலும் சிலமுறை மின்னச் செய்க. பயன்பாட்டினால் அன்று, சோம்பிக் கிடத்தலாலேயே இவ்விளக்குகள் பல பழுதாகின்றன. பழுதாயினும் தாமே திருகாணியைக் கழற்றத் துணியற்க. பாட்டரியை எடுத்த பின்னரும் மின்தேக்கியில் உயிரைப் போக்கத்தக்க மின்சாரம் எஞ்சியிருத்தல் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலுறைகள் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பூக்கும். அக்காலத்தில் உறையை நீக்கி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு விளக்கை வைத்தல் நன்று. எமது பழைய விளக்கு, தகடு மாற்றப்பெற்று, இப்போது அவ்வாறே இருக்கின்றது. பாட்டரிகள் நான்கும் அதன் பக்கத்தே வேறொரு சிறு டப்பாவில் உள்ளன.