25 கட்டங்களில் ஓராண்டு வாசிப்பு

ஏப்ரல் 1 வந்துவிட்டால், ஆங்கிலத்தில் மிகுபுனைவும் அறிவியல் புனைவும் படிக்கும் பலர் புதிய பிங்கோ அட்டையை எடுத்துக்கொள்கிறார்கள். 2015இல் தொடங்கிய வாசிப்புச் சவால் இது.

அட்டையில் 25 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிபந்தனை. அடுத்த மார்ச் 31க்குள் நிரப்ப வேண்டும். ஒரே எழுத்தாளரை இரண்டு கட்டங்களில் வைக்க முடியாது. இந்த விதிதான் சவாலின் உயிர். பிடித்தவரின் நெடுந்தொடரிலேயே ஆண்டைக் கழித்துவிடாமல், அறியாத எழுத்தாளர்களைத் தேடிப் போக வைக்கிறது.

ஒரு கட்டத்துக்கு மட்டும் நூலுக்குப் பதிலாக ஐந்து சிறுகதைகள் போதும். மொழிபெயர்ப்பு நூல் கேட்கும் ஆண்டில், சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' கைகொடுக்கும். கென் லியூவின் மொழிபெயர்ப்பில் 2015இல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வென்ற நூல் அது.

நேரம் குறைந்தவர்கள் ஒரே வரிசையில் ஐந்து கட்டங்களை நிரப்பினாலே பிங்கோதான். முழு அட்டையையும் முடித்தவர்களில் சிலர் உடனே இரண்டாவதைத் தொடங்கிவிடுகிறார்கள்.