தொலைநோக்கியை வலைப்பக்கம் இயக்கலாமா?

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதில் வானம் பார்க்க வந்தவர்கள் மலையேறித்தான் ஆகவேண்டியிருந்தது. காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறது.

அப்படியானால் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தே தொலைநோக்கியைத் திருப்பிவிடலாமே?

அங்கேதான் தடை. வானியல் கருவிகள் பேசும் 'அல்பாகா' நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் முதலில் யுடிபி 32227 போர்ட்டில் பொது அழைப்பு விடும். வலையமைப்பிலுள்ள கருவிகள் பதில் சொல்லும். கணினியில் நிறுவிய செயலி இதைச் சுலபமாகச் செய்யும், ஏனெனில் இயங்குதளம் அதற்கு சாக்கெட் தருகிறது. விரும்பிய முகவரிக்கு, விரும்பிய போர்ட்டில், விரும்பிய பைட்டுகளை அது அனுப்பலாம். சாதாரண வலைப்பக்கத்துக்கு இந்த உரிமை இல்லை.

காரணம் வலுவானது. பிரவுசர் ஓடுவது ஃபயர்வாலுக்கு உள்ளே. அங்குள்ள பிரிண்டரும் கேமராவும் பெரும்பாலும் உள்ளிருந்து வரும் கட்டளையை யாருடையது என்று கேட்பதில்லை. அல்பாகா கருவிகளும் அப்படியே. சமையல் குறிப்புக்காகத் திறந்த பக்கத்தில் வந்த விளம்பர நிரலுக்கு சாக்கெட் கிடைத்தால், அது அத்தனை கருவிகளையும் தட்டிப் பார்க்கும். 2011-இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட்டில்கூட, எதிர்முனை சர்வர் சம்மதித்தால்தான் இணைப்பு. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு சட்டகத்தையும் 32 பிட் சாவியால் மாற்றியே அனுப்புகிறது. கம்பியில் போகும் பைட்டுகளைப் பக்கம் தானே தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக.

வானியலாளர்கள் தங்களுக்கென்று ஒரு குறுகலான வாசல் அமைத்தார்கள். வானியல் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான, 2012-இன் 'சாம்ப் 1.3' தரத்தில், பயனரின் கணினியிலேயே 21012 போர்ட்டில் ஓர் இடைமையம் காத்திருக்கும். வலைப்பக்கம் அதைத் தொட்டதும் அனுமதி கேட்கும் சாளரம் வரும். பக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரை நம்ப முடியாது. பிரவுசர் தரும் மூல முகவரியைத்தான் பார்க்கவேண்டும்.

முழு சாக்கெட்டையே தரும் 'டைரக்ட் சாக்கெட்ஸ்' வசதியை குரோம், கையொப்பமிட்டுக் கட்டிய தனித்த வலைச் செயலிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறது. மோசில்லா அதையும் ஆதரிக்கவில்லை. பயனரிடம் பொத்தானை அழுத்தச் சொல்வதைவிட, நிரல் யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்யும் குரோமின் வழி மேல். ஆனாலும் அதன்பின் பயனரிடம் அனுமதி கேட்கும்போது 'நெட்வொர்க்கைத் தொடலாமா' என்ற பொத்தாம்பொதுவான கேள்வி போதாது. எந்தக் கருவி, எந்தப் போர்ட் என்று அது சொல்லவேண்டும்.