பிள்ளை பிறக்கும் நேரத்தில் தகப்பன் எங்கே?



"பிள்ளை பெறுவது பொம்பளை காரியம். அதில ஆம்பளைக்கு என்ன வேலை?" நான் போய்வரும் தோட்டங்களில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. வலி கண்டதும் மனைவியை வண்டியில் ஏற்றி, மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, மறுநாள் விடியலில் பெரட்டுக்கு வந்து நிற்கிறவனை, "பொறுப்பான ஆள்" என்று நாமே மெச்சுகிறோம். வேலைக்குப் பொறுப்பானவன்தான். வீட்டுக்கு?

அந்தக் காலத்து லயத்தில் மருத்துவச்சிப் பாட்டி இருந்தார். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பெண்கள் சூழ நின்றார்கள். ஆண் வெளியே நின்றாலும் காரியம் நடந்தது. இன்றோ பல தோட்டங்களில் பாதி லயம் காலி. சொந்தபந்தம் பட்டணத்துக்குப் போய்விட்டது. நிறைமாதப் பெண்ணுக்குத் துணை கணவன் ஒருவன்தான். அவனும் ஒதுங்கினால் அவள் யாரைக் கூப்பிடுவாள்?

ஏழு நாள் லீவு உரிமை

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வெகுகாலம் தகப்பனுக்கு என்று ஒரு நாள்கூட இல்லை. அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தீபகற்ப மலேசியாவில் 1.1.2023 முதல் தகப்பனுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் லீவு உண்டு. அதே திருத்தத்தில் தாயின் பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.

நிபந்தனைகளைக் கேளுங்கள். மணமானவராக இருக்க வேண்டும். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவ நாளுக்கு 30 நாள் முன்பாகவோ, முடியாவிட்டால் பிள்ளை பிறந்தபின் கூடிய சீக்கிரமோ தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை இந்த லீவு கிடைக்கும்.

ஒரு தோட்டத்தில் கிராணி, "அது ஆபீஸ்காரங்களுக்குத்தான்" என்று சொல்லி ஒரு தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சட்டத்தில் அப்படி ஒரு பிரிவினை கிடையாது. மரம் வெட்டுகிறவருக்கும் குலை அறுக்கிறவருக்கும் அதே 7 நாள்தான்.

குலை அறுக்கும் இன்னொரு தம்பி சொன்னார்: "அண்ணே, ஏழு நாள் உட்கார்ந்தா இன்செண்டிவ் போயிடும். பால் மாவு யார் வாங்குறது?" அவர் கவலை பொய்யல்ல. கணக்கு குறைந்தால் அந்த மாதம் கை கடிக்கத்தான் செய்யும். ஆனால் குலை அடுத்த மாதமும் பழுக்கும். பெற்றவள் படுத்துக் கிடக்கும் முதல் வாரம் திரும்பி வருமா, தம்பி?

இன்னொன்று. கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவு செய்யாமல் சிலர் காலம் தள்ளுகிறார்கள். 1.3.1982 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு இல்லாவிட்டால் லீவு கேட்பதிலும் சிக்கல், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் விவரம் போடுவதிலும் சிக்கல். சூரைக் கையில் வைத்துக்கொள்ளாத குற்றம் பிறக்காத பிள்ளை தலையில் விடியக்கூடாது.

பிறப்பதற்கு முன்னே

கிளினிக்குக்கு ஒரு தடவையாவது கூடப் போங்கள். அவள் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் நிறம் என்னவென்று மிஸியிடம் கேளுங்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இருக்கும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. "நாளைக்குப் பார்ப்போம்" என்பது அங்கே செல்லாது.

பராக்குவாட் 2020-இல் தடை செய்யப்பட்டாலும், மற்றக் களைக்கொல்லிகள் தோட்டத்தில் உண்டு. கர்ப்பிணி மருந்து அடிக்கப் போகக்கூடாது. வேறு வேலை கேட்டு வாங்குங்கள். நீங்கள் மருந்து அடிக்கிறவரானால் அந்தச் சட்டையை அவளைத் துவைக்க விடாதீர்கள். நீங்களே தனியாக அலசுங்கள்.

இராத்திரி வலி வந்தால் யார் வண்டி, பெரிய பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை எட்டாம் மாதமே பேசி முடியுங்கள். இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கடும் தலைவலி, கண் மங்கல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வலி வந்த நேரத்தில்

கணவனைப் பிரசவ அறைக்குள் விடும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு. உங்கள் மருத்துவமனையில் என்ன விதி என்று முன்கூட்டியே கேளுங்கள். உள்ளே விட்டால் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பை நீவி விடுங்கள். மிஸி அனுமதித்தால் தண்ணீர் கொடுங்கள். "கத்தாதே, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி அவளுடையது.

அந்த ஏழு நாள்

லீவு எடுத்துவிட்டுக் கூட்டாளிகளோடு கொண்டாடக் கிளம்புவது லீவு அல்ல. தண்ணீர் தூக்குவது, துணி துவைப்பது, சமைப்பது, இராத்திரி அழும் பிள்ளையைத் தோளில் போடுவது, இவைதான் அந்த ஏழு நாள் வேலை.

பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். பிள்ளையின் உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால் வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாமல் கிளினிக்குக்குத் தூக்குங்கள். தாய்க்கு அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனை. இரண்டு வாரம் கடந்தும் அழுதுகொண்டும் தூங்காமலும் இருந்தால் "காத்து கருப்பு" என்று பூசாரியைத் தேடாமல் மிஸியிடம் சொல்லுங்கள். அது நோய், மருந்து உண்டு.

பிறப்புப் பதிவை அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தோட்டப்புறத்தில் பத்திரம் இல்லாமல் வளர்ந்து, பள்ளிக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் இன்னொரு பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

தோழர்களே, லீவை வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். அங்கும் தீராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. சட்டம் கொடுத்த ஏழு நாளை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரிக்கு அது தேவை.