கம்பிக்கு அடியில் இருக்கும் பல்

வரிசை தவறிய பற்களைச் சீராக்குவதற்காகப் பிள்ளைகளுக்குக் கம்பி கட்டுவது நம் இல்லங்களில் இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ‘கிளிப் போட்டிருக்கிறாள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை அது பற்களின்மீது இருக்கும். செலவைப் பற்றிப் பல நாள் ஆலோசிக்கும் நாம், அத்தனை காலமும் அப்பற்களை எவ்வாறு துலக்குவது என்பதைப் பற்றி ஆலோசிப்பதில்லை. நானும் ஆலோசிக்கவில்லை.

என் மகளுக்குப் பதினான்காம் வயதில் கம்பி கட்டினோம். மதரஸாவில் தூய்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் என்ற துணிவில், “ஒவ்வோர் ஒளூவின்போதும் மிஸ்வாக் செய்துவா, அது போதும்” என்று கூறிவிட்டேன். அவளும் தவறாது செய்தாள். மருத்துவர் எழுதித் தந்த சிறு பிரஷ், உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தது. இரண்டாண்டு கழித்துக் கம்பியை அகற்றியபோது பற்கள் நேராக நின்றன. ஆனால் முன்பற்களில், உலோகத் துண்டுகள் ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்பைத் தொட்டுவைத்தாற்போல் வெண்திட்டுகள்! அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் மட்டும் முன்போலவே தொடர்ந்தது.

அந்த வெண்மை அழுக்கன்று. எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் கரைந்துபோன தடம். பல்லின்மேல் படியும் படலத்தில் வாழும் கிருமிகள், நாம் உண்ணும் இனிப்பையும் மாவையும் அமிலமாக்குகின்றன. உமிழ்நீரும் நாவும் பற்களை ஓயாது கழுவிக்கொண்டிருப்பவை. கம்பி அதற்குத் தடையாகிறது. துலக்குவதில் குறை நேர்ந்தால், நான்கு வாரங்களிலேயே முதல் தடம் தோன்றிவிடக்கூடும். பிறகு அது சற்று மங்கலாமேயன்றி, முற்றிலும் மறைவது அரிது.

குறை மிஸ்வாக்கில் இல்லை. உகா மரத்து வேரின் நார், திறந்திருக்கும் பற்பரப்பை நன்றாகவே துலக்கும். ஆயினும் கம்பிக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள சந்துக்குள் அது வளைந்து நுழையாது. அண்ணலார் (ஸல்) அவர்களின் ஸுன்னத்தை விடுமாறு நான் கூறவில்லை. அதனோடு பிரஷ்ஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மென்மையான பிரஷ்ஷும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் போதும். கரித்தூளும் உப்புத்தூளும் வேண்டா. கண்ணாடி முன் நின்று, முதலில் பிரஷ்ஷைச் சாய்த்து, உலோகத் துண்டுக்கு மேலே ஈறோரமாகத் தேய்க்க வேண்டும். பின்னர் எதிர்ப்புறமாகச் சாய்த்து, அதற்குக் கீழே தேய்க்க வேண்டும். அடுத்து, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சிறிதாக்கியது போன்றிருக்கும் அந்தச் சின்னப் பிரஷ்ஷைக் கம்பியின் அடியில் செலுத்தி, ஒவ்வோர் இடைவெளியிலும் மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால் பலர் அஞ்சித் துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர். அழுக்குத் தங்கியதால்தான் பெரும்பாலும் அது கசிகிறது. ஆதலால் மென்மையாகத் தொடர்வதே முறை. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நீரால் பலமுறை கொப்புளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு ஆகியவற்றைக் கடித்தால் உலோகத் துண்டு பெயர்ந்துவிடும்.

ரமளானில் கவனம் கூடுதலாகத் தேவை. நோன்பாளியின் வாய் பகலில் உலர்ந்திருக்கும். உமிழ்நீரின் காவல் குறையும். இஃப்தாரிலோ பேரீச்சம்பழமும் சர்பத்தும் வடையும் கம்பியில் அப்பிக்கொள்ளும். எனவே தராவீஹுக்குப் புறப்படுமுன் ஒருமுறை துலக்கட்டும். ஸஹர் உணவைப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்து, ஸுப்ஹு நேரம் நுழைவதற்குள் மறுமுறை துலக்கட்டும். நோன்பு வேளையில் பற்பசையைத் தவிர்ப்பதே பேணுதல். ஷாஃபிஈ மத்ஹபினர் நண்பகலுக்குப் பின் மிஸ்வாக்கையும் தவிர்ப்பர். ஆக, அந்த அதிகாலைத் துலக்கலே பகல் முழுமைக்கும் துணை.

இப்போது இளையவனுக்குக் கம்பி கட்டியிருக்கிறோம். இஷாவுக்குப் பின் அவன் கண்ணாடி முன் நிற்கிறான். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டுகிறவள் அவனுடைய லாத்தாதான்.