முழங்காலில் தட்டு, டேப் ஓடுது!

உஷ்! கதவை மெதுவாகச் சாத்துங்கள். உள்ளே ரெக்கார்டிங் நடக்கிறது.

வருஷம் 1957. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கிளோவிஸ் என்றொரு சின்ன ஊர். மேற்கு ஏழாம் தெரு, கதவு எண் 1313. நேரம் நடுராத்திரியைத் தாண்டிவிட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரிலிருந்து 160 கி.மீ. காரோட்டி வந்த நாலு பையன்கள் இன்னும் தூங்கவில்லை. நால்வரில் மூத்தவருக்கே வயது 20. கழுத்தில் கித்தார், முகத்தில் கண்ணாடி. அவர்தான் பட்டி ஹாலி.

இங்கே மணிக்கணக்குக்குக் காசு கிடையாது, பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ஸ்டூடியோ முதலாளி நார்மன் பெட்டியின் இந்த ஒரு ஏற்பாடு ராக் அண்ட் ரோலுக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. விடியும்வரை வாசிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம். களைத்துவிட்டால் பின்கட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். விளையாட்டுச் சாமானை அவிழ்த்துக் கொட்டிவிட்டு அம்மா ஊருக்குப் போய்விட்ட வீடு மாதிரி இருந்தது அந்த ஸ்டூடியோ!

அதோ, டிரம்மர் ஜெர்ரி ஆலிசனைப் பாருங்கள். வயது 17. அவர் கையில் குச்சி இல்லை, எதிரே டிரம்ஸும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் தன் இரண்டு முழங்கால்களையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருக்கிறார். விளையாட்டுக்கு அல்ல, மைக் அவர் முழங்காலைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. 'எவ்ரிடே' பாட்டில் கடிகாரம் ஓடுவதுபோல் தொடர்ந்து கேட்குமே ஒரு தட்டல், அந்தத் தாளவாத்தியம் ஜெர்ரியின் பேன்ட்தான்! கூடவே மணி மணியாகச் சிந்தும் ஓசை செலஸ்டா என்ற குட்டிப் பியானோவினுடையது. உள்ளே கம்பிக்குப் பதில் உலோகத் தகடுகள் இருக்கும். வாசித்தவர் நார்மன் பெட்டியின் மனைவி வயலெட்.

'நாட் ஃபேட் அவே' பாட்டில் ஜெர்ரி தட்டியது அட்டைப்பெட்டி. சத்தியமாக, வெறும் அட்டைப்பெட்டி. ஏழு வருஷம் கழித்து ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதே பாட்டைப் பாடி இங்கிலாந்தில் பெயர் வாங்கினார்கள்.

இனி என் செல்லக் காட்சிக்கு வருவோம். 'பெகி சூ' ரெக்கார்டிங். டிரம்ஸை அறைக்குள் வைத்தால் அது மற்ற எல்லா ஒலியையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே ஜெர்ரியை டிரம்ஸோடு வரவேற்பறைக்கு நாடு கடத்திவிட்டார்கள். அங்கிருந்து அவர் இடைவெளியே இல்லாமல் உருட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் நார்மன் பெட்டி எதிரொலி அறைக்குப் போகும் ஒலியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். அதனால்தான் அந்த டிரம்ஸ் அலையலையாகக் கிட்டே வந்து வந்து விலகுகிறது. இதற்கு நடுவே பட்டி கித்தாரில் ஒரு தனி ஆவர்த்தனம் வாசிக்க வேண்டும். சட்டென்று ஒலியின் குணம் மாறுவதற்குக் கித்தாரிலுள்ள ஸ்விட்சைத் தள்ள வேண்டும். வாசிக்கும் வேகத்தில் கையை எடுக்க முடியுமா? முடியாது. எனவே இன்னொரு கித்தார்க்காரரான நிக்கி சல்லிவன் பட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சரியான நொடியில் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறார். அந்தப் பாட்டில் அவருக்கு வேலையே அதுதான்!

பாட்டின் பெயரிலும் ஒரு கிசுகிசு உண்டு. முதலில் அது 'சிண்டி லூ', பட்டியின் அக்கா மகள் பெயரையொட்டி வைத்தது. ஜெர்ரிக்கோ பெகி சூ என்ற பெண்மேல் காதல். பெயரை மாற்றச் சொல்லிக் கெஞ்சி வாங்கிவிட்டார். தாளத்தில் தடுமாறியபோது, ஒழுங்காக வாசிக்காவிட்டால் பழைய பெயரே வந்துவிடும் என்று பட்டி மிரட்டினாராம். மிரட்டல் வேலை செய்தது. அடுத்த வருஷமே ஜெர்ரி அந்தப் பெண்ணைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டார்.

குழுவின் பெயர் 'தி கிரிக்கெட்ஸ்', அதாவது சுவர்க்கோழிகள். அப்பெயரின் பின்னால் ஒரு தில்லாலங்கடி இருக்கிறது. 1956-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் பட்டியை நாஷ்வில்லுக்கு அழைத்துச் சில பாட்டுகளைப் பதிவு செய்து, பிறகு கழற்றிவிட்டது. ஒப்பந்தத்தில் அவர் குடும்பப் பெயரிலிருந்த ஓர் எழுத்தையும் தவறவிட்டிருந்தார்கள். 'ஹாலி'யை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் விதமே அந்தப் பிழையிலிருந்து வந்ததுதான். அங்கே பதிவான பாட்டுகளை ஐந்து வருஷத்துக்கு வேறெங்கும் பாடக்கூடாது என்றும் நிபந்தனை. பட்டி அசருவாரா? 1957 பிப்ரவரியில் ஓர் இரவு கிளோவிஸுக்கு வந்து, அதில் ஒன்றான 'தட்'ல் பி த டே'யை இன்னும் துள்ளலாகப் பாடிப் பதிந்தார். இசைத்தட்டில் தன் பெயரைப் போடாமல் குழுவின் பெயரைப் போட்டார். அதை வெளியிட்ட பிரன்ஸ்விக் யாருடைய கிளை நிறுவனம் தெரியுமா? அதே டெக்காவினுடையது! செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம். பிறகு இங்கிலாந்திலும் முதலிடம். யாருக்கு வழக்குப் போட மனசு வரும்?

பெயருக்குத் தகுந்தாற்போல் ஒரு நிஜ சுவர்க்கோழியும் எதிரொலி அறைக்குள் புகுந்துகொண்டது. 'ஐ'ம் கானா லவ் யூ டூ' பாட்டின் கடைசியில் காதைத் தீட்டிக் கேளுங்கள், அது கத்துவது கேட்கும். துரத்தாமல் விட்டுவிட்டார்கள்.

எல்லாம் சர்க்கரை என்று சொல்லிவிட முடியாது. நார்மன் பெட்டி பாட்டுக்குப் பாட்டு தன் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்துக்கொண்டார். 'பெகி சூ' முதலில் வெளியானபோது இயற்றியவர்கள் என்று ஜெர்ரி பெயரும் நார்மன் பெயரும் இருந்தன, பட்டியின் பெயர் இல்லை. இது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. பணக் கணக்கில் தகராறு முற்றி 1958 கடைசியில் பட்டி அவரைவிட்டு விலகினார். அதற்குள் மரியா எலினா சான்டியாகோ என்ற பெண்ணைச் சந்தித்து, முதல் முறை வெளியே சாப்பிடப் போன அன்றே கல்யாணப் பேச்சை எடுத்து, ஆகஸ்டில் கைப்பிடித்து, நியூயார்க்கில் குடியேறியும் விட்டார்.

கையில் காசில்லாததால் 1959 ஜனவரியில் மறுபடி சுற்றுப்பயணம். உறையும் குளிர், பஸ்ஸில் சூடேற்றும் கருவி வேலை செய்யவில்லை. இம்முறை உடன் வந்த வேறொரு டிரம்மருக்குக் காலில் பனிக்கடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பஸ் வேண்டாம் என்று பட்டி ஒரு குட்டி விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். பிப்ரவரி 3 அதிகாலை, அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே அது விழுந்தது. உடன் பறந்த பாடகர்கள் ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர், விமானி ஆகியோரும் பிழைக்கவில்லை. பட்டிக்கு வயது 22.

ஆனால் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு கூட்டம் அதற்கு முன்பே அவரை மனப்பாடம் செய்துவைத்திருந்தது. கண்ணாடி போட வெட்கப்பட்டுத் திரிந்த ஜான் லெனனுக்கு, கண்ணாடியோடு மேடையேறும் ஒரு ராக் பாடகர் கிடைத்ததில் அப்படியொரு நிம்மதி! சுவர்க்கோழிகளைப் பார்த்துத்தான் அவர்கள் குழுவுக்குப் பீட்டில்ஸ் என்ற வண்டுப் பெயர்கூடத் தோன்றியது. 1958-இல் லெனன், அவர் தோழர்கள் மெக்கார்ட்னி, ஹாரிசன், இன்னும் இருவர் சேர்ந்து காசு போட்டு முதன்முதலாக ஓர் இசைத்தட்டு பதிந்தார்கள். ஒரு பக்கத்தில் 'தட்'ல் பி த டே'. இருந்தது ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கடைசியாக வாங்கிப்போன பியானோக்காரர் இருபது வருஷத்துக்கும் மேல் திருப்பித் தரவேயில்லை. 1970-களில் பட்டி ஹாலியின் பாட்டு உரிமைகளையே விலைக்கு வாங்கிவிட்டிருந்த மெக்கார்ட்னி, 1981-இல் தான் பதிந்த அந்தத் தட்டையும் நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.